கழுத்து வளைஞ்ச கிட்டார்களுக்காக ஒரு வாதம்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் நாங்க போய் வந்த பல இடங்களில் ஒரு கிட்டார் இருந்தது. வாசிக்கிற கிட்டாரைச் சொல்லல, ஆணியில தொங்குற கிட்டாரைச் சொல்றோம். கோயில் மண்டபத்தில, சர்ச்சோட பின்னறையில, முன்பள்ளி அலுமாரிக்கு மேல. இல்லாட்டி கொழும்புக்கு வேலைக்குப் போன ஒரு அண்ணன் லயத்துக் காம்பராவில விட்டுட்டுப் போனது. ஆறு ஸ்ட்ரிங்கில நாலு மிச்சம் இருக்கும், அதுவும் துருப்பிடிச்சு. ஏன் யாரும் இதை எடுத்து வாசிக்கிறதில்லைன்னு கேட்டா, பசறையில கேட்டாலும் வெலிமடையில கேட்டாலும் பதில் ஒண்ணுதான்: "அது கழுத்து வளைஞ்சிருச்சு. இனி சரிவராது."

இந்தப் பதில்மேல எங்களுக்குக் கோபம் இருக்கு. சைக்கிள் செயின் கழண்டா யாரும் சைக்கிளைத் தூக்கிப் போடுறதில்ல. மண்ணெண்ணெய் அடுப்புல திரி தீஞ்சு போனா அடுப்பைத் தூக்கிப் போடுறதில்ல. கிட்டாரை மட்டும் ஆணியில மாட்டிட்டு, காசு கொடுத்த வீட்டாளுங்களும் வாசிக்க ஆசைப்பட்ட பிள்ளையும் பேசாம இருந்துடுறாங்க. ஸ்டீல் ஸ்ட்ரிங் போடுற கிட்டார்களில் பெரும்பாலானதோட கழுத்துக்குள்ள, இந்த வளைவைச் சரிசெய்யறதுக்குன்னே ஒரு இரும்புக் கோல் படுத்திருக்கு. அதுக்குப் பேர் ட்ரஸ் ரொட். அதைத் திருப்ப ஒரு எலன் கீ போதும், ஹார்ட்வெயார் கடையில கிடைக்கிற சாமான். இதை வித்தவங்களும் சொல்றதில்ல, கத்துக்கொடுக்கிறவங்களும் சொல்றதில்ல. சொன்னாலும் "அந்த ஓட்டைக்குள்ள மட்டும் கை வைச்சிராத" என்று சொல்றதோட சரி.

பணக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரோட நாட்கூலி 2021இல் 1,000 ரூபா ஆச்சு, 2024 செப்டம்பரில் 1,350 ரூபா ஆச்சு. அந்த 1,350இல் 25 நாள் விடாம பிரட்டுக்குப் போனா, ஈ.பி.எஃப். வெட்டுறதுக்கு முன்னாடி, 33,750 ரூபா. 2022இல் ரூபா விழுந்த பிறகு வெளிநாட்டுச் சாமான் எல்லாத்துக்கும் ஏறின விலையில, ஓரளவு நல்ல கிட்டார் ஒண்ணு இந்த ஒரு மாச உழைப்பைச் சுலபமா விழுங்கிடும். அதை வாங்கிக் கொடுத்த அம்மாவுக்கு அது வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்ல. ஒரு வருஷத்துல அது ஆணிக்குப் போயிருச்சுன்னா வீட்டுல அடுத்த பிள்ளை வாத்தியம் கேக்கவே தயங்கும்.

சரி, கழுத்து ஏன் வளையுது? ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்ட சாதாரண அகூஸ்டிக் கிட்டாரைச் சுருதி சேர்த்து வைச்சா, ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து இழுக்கிற இழுவை 70 கிலோவைத் தாண்டும். 50 கிலோ அரிசி மூடையைத் தோள்ல வைச்சு, அதுக்கு மேல இன்னொரு 20 கிலோ மா மூடையையும் வைச்ச மாதிரி. அதைத் தாங்குறது ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம் தடிப்பும், தலைப்பக்கத்துல நாலு சென்டிமீட்டர் சொச்சம் அகலமும் உள்ள ஒரு மரத்துண்டு. நாம வாசிக்கும்போது மட்டும் இல்ல, தூங்கும்போதும் தாங்குது, பள்ளிக்கூடம் போயிருக்கும்போதும் தாங்குது. ஸ்ட்ரிங் எல்லாம் மரத்தோட ஒரு பக்கத்துல மட்டும் இருக்கிறதால, அந்த இழுவை கழுத்தை முன்பக்கமா வளைக்கப் பார்க்கும். அம்புக்கு நாண் ஏத்துன வில் மாதிரி. வளையறது மரத்தோட குணம். அதுல கிட்டார் செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல.

இதைப் புரிஞ்சுக்க நம்ம மாவட்டத்துலயே நல்ல உதாரணம் இருக்கு. எல்லக்கும் தெமோதரைக்கும் நடுவுல நிக்கிற ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் கட்டி முடிச்சது. கல், செங்கல், சீமெந்து. அதுல இரும்பே போடலன்னு உள்ளூர்ல பெருமையாச் சொல்லுவாங்க. உலக யுத்தத்துக்கு இரும்பெல்லாம் போயிருச்சு, அதனாலதான் கல்லுல கட்டினாங்கன்னு அதுக்கு ஒரு கதையும் இருக்கு. கதை எப்படியோ, அந்தப் பாலத்துக்கு இரும்பு இல்லாம நிக்க முடியுறதுக்குக் காரணம் அதோட வடிவம். வளைவுக்கு மேல ரயில் போகும்போது ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்கும். கல்லுக்கு அமுக்கம் பிரச்சினை இல்ல, எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தாத்தான் பிளந்து போகும். கிட்டார் கழுத்து நேரான ஒரு பொருள், அதுல அமுக்கமும் இருக்கு, வளைவும் இருக்கு. நேரான பொருள் வளையாம நிக்கணும்னா உள்ளுக்கு ஒரு துணை வேணும். கொங்கிரீட் பீமுக்குள்ள கம்பி வைக்கிறது அதுக்குத்தான்.

அதே 1921இல்தான், அமெரிக்காவுல கலமசூ என்ற ஊர்ல கிப்சன் கம்பெனியில வேலை செஞ்ச தாடியஸ் மக்ஹியூ, கழுத்துக்குள்ள இறுக்கக்கூடிய ஒரு இரும்புக் கோலை வைக்கிற யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். 1923இல் கிடைச்சது. அதுக்கு முன்னாடி கழுத்து வளையாம இருக்க ஒரு முக்கிய வழி மரத்தைத் தடிப்பா விடுறது, கையில பிடிக்கவே சிரமமா இருக்கும். எல்லாரும் உடனே மக்ஹியூ வழிக்கு வந்துடல. மார்ட்டின் கம்பெனி 1934இல் இருந்து கழுத்துக்குள்ள இரும்புப் பட்டம் வைச்சுது, ஆனா அது அசையாத பட்டம். திருப்பிச் சரிசெய்யக்கூடிய ரொட்டுக்கு அவங்க வந்தது 1985இல்தான். அவ்வளவு பெரிய கம்பெனியே அறுபது வருஷம் யோசிச்சிருக்கு. நாம தெரியாம இருந்ததுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இப்ப அந்த ரொட் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். இதைப் படத்தோட விளக்குற புத்தகங்கள் இருக்கு, ஆனா எங்களுக்குப் புரிஞ்சது லயத்து வாசல்ல துணி காயப்போடுற கொடியைப் பார்த்துத்தான். ஈரத் துணியைப் போட்டதும் கொடி நடுவுல தொங்கும். ஒரு முனையைப் பிடிச்சு இழுத்துக் கட்டினா நடுப்பகுதி மேல எழும்பும், துணியையும் தூக்கிக்கிட்டு. கிட்டாரை மல்லாக்கப் படுக்க வைங்க, ஃப்ரெட் எல்லாம் மேல பார்க்கட்டும். பழைய முறை ரொட் கழுத்துக்குள்ள நேரா இருக்காது. கொடி மாதிரி நடுவுல கொஞ்சம் தாழ்ந்து, கழுத்தோட முதுகுப் பக்கமா இறங்கி இருக்கும். ஸ்ட்ரிங் ரெண்டு முனையையும் மேல இழுக்கிறதால கழுத்தோட நடுப்பகுதி குழிஞ்சு போகுது. ரொட்டோட முனையில இருக்கிற நட்டை இறுக்கினா ரொட் நேராகப் பார்க்கும். நடுவு எழும்பும், அதோட சேர்ந்து மரமும் எழும்பும். ஸ்ட்ரிங் ஒரு பக்கம் இழுக்குது, ரொட் மறுபக்கம் இழுக்குது. ரெண்டும் சமமா இழுக்கிற இடத்துல கழுத்து நிக்குது. மொத்த ரகசியமும் இந்தக் கயிறிழுப்புப் போட்டிதான்.

இப்ப வர்ற பல கிட்டார்களில் ரெண்டு கோல் உள்ள ரொட் இருக்கு. ஒண்ணு அசையாது, மத்தது மரையாணி மாதிரி திருகும். இது ரெண்டு பக்கமும் தள்ளும்: இறுக்கினா கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும், மறுபக்கம் திருப்பிக்கிட்டே போனா முன்னுக்கும் வளைக்கும். பழைய வகையில தளர்த்தினா ரொட் சும்மா இருக்கும், வளைக்கிற வேலையை ஸ்ட்ரிங்தான் பார்க்கணும்.

கழுத்து ஸ்கேல் மாதிரி நேரா இருக்கணும்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. அதுவும் பிழை. அடிச்ச ஸ்ட்ரிங் எப்படி ஆடும்னு பாருங்க, ரெண்டு பேர் பிடிச்சுச் சுத்துற ஸ்கிப்பிங் கயிறு மாதிரி. நடுவுலதான் அகலமா ஆடும். கழுத்து முழு நேரா இருந்தா ஆடுற ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுல இடிச்சு கர்ருன்னு சத்தம் வரும். அதனால நடுவுல ஒரு பொடிக் குழிவு வேணும், அதை ரிலீஃப்னு சொல்லுவாங்க. ஏழாவது ஃப்ரெட்டுக்கிட்ட 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை. போட்டோகொப்பி தாள் ஒண்ணு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்பு. அப்படின்னா ரெண்டு மூணு தாள் நுழையிற இடைவெளி. கழுத்து வளைஞ்சிருச்சுன்னு ஆணியில மாட்டுன கிட்டாருக்கும் நல்லா வாசிக்கிற கிட்டாருக்கும் நடுவுல உள்ள தூரம் பல நேரம் பத்துத் தாள்கூட இருக்காது.

இங்கதான் எங்களோட முக்கியமான சண்டைக்கு வர்றோம். கிட்டார் பழக வர்ற பிள்ளை மூணாம் வாரம் சொல்லும்: "மாஸ்டர், விரல் ரொம்ப வலிக்குதுங்க. அழுத்தினாலும் சத்தம் வர மாட்டேங்குது." பதில் என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். "ஆரம்பத்துல அப்படித்தான் பிள்ள. விரல் காய்ச்சுப் போகணும். தாங்கணும்." பொம்பளப் பிள்ளைன்னா கூடுதலா ஒரு வரி: "உன் விரல் சின்னது, கீபோர்ட் பழகு." விரல் நுனி கொஞ்சம் காய்ச்சுப் போறது உண்மைதான். ஆனா பன்னிரெண்டாவது ஃப்ரெட்டுல ஸ்ட்ரிங் ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் உயரத்துல இருக்க வேண்டிய கிட்டார் அஞ்சு மில்லிமீட்டர்ல நிக்கும்போது, அதுல எஃப் கோர்ட் பிடிக்கச் சொல்றதுக்குப் பேர் பயிற்சி இல்ல. வலியைத் தாங்குறதுல நம்ம ஆட்களுக்குப் பல தலைமுறையாப் பயிற்சி இருக்கு. சங்கீதத்துலயும் அதையே ஏன் கேக்குறீங்கன்னுதான் எங்க கேள்வி. பிள்ளை வலிக்குதுன்னு சொன்னா முதல்ல கிட்டாரைக் கையில வாங்கிப் பாருங்க. விரலைப் பத்தி அப்புறம் பேசலாம்.

ஆனா எல்லா உயரத்துக்கும் ரொட்டைத் திருப்புறதும் சரியில்ல. சேதம் வர்றது பெரும்பாலும் இந்த இடத்துலதான். ஸ்ட்ரிங் உயரத்தை மூணு இடம் தீர்மானிக்குது. ஒண்ணு, தலைப்பக்கத்துல ஸ்ட்ரிங் உட்கார்ற வெள்ளைத் துண்டு. அதுக்கும் நட்னுதான் பேர், இறுக்குற நட்டுக்கும் அதே பேர், குழம்பாதீங்க. ரெண்டாவது கழுத்தோட வளைவு. மூணாவது பிரிட்ஜில நிக்கிற சேடில் என்ற வெள்ளைத் துண்டு. முதல் ஃப்ரெட்டுல எஃப் கோர்ட் மட்டும் உயிரை வாங்குது, மேல எல்லாம் பரவாயில்லைன்னா, வெள்ளைத் துண்டோட பள்ளம் போதிய ஆழம் இல்ல. கழுத்து சரியா இருந்தும் பன்னிரெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல உயரம்னா, சேடிலோட அடிப்பக்கத்தைக் கொஞ்சங்கொஞ்சமா உப்புத்தாள்ல தேய்க்கணும். ரொட் பார்த்துக்கிறது நடுவுல உள்ள வளைவை மட்டும். உயரத்தைக் குறைக்கிறேன்னு ரொட்டையே இறுக்கிக்கிட்டு போனா, ஒரு கட்டத்துல மரை தேஞ்சு போகும், இல்லாட்டி ரொட்டே முறியும். முறிஞ்சா ஃப்ரெட் பலகையைப் பெயர்த்துத்தான் எடுக்கணும். அந்த வேலைக்கு கொழும்புக்கு ஏறணும், ரயில் பாதையில சுமார் 290 கிலோமீட்டர். போன பிறகு சொல்ற கூலி கிட்டார் விலைக்குப் பக்கத்துல நிக்கும்.

ஊவாவுல இது மத்த ஊர்களைவிடக் கூடுதலாத் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம், காரணம் நம்ம காலநிலை. தென்மேற்குப் பருவக்காத்து மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காஞ்ச காத்தா வரும். நம்ம ஆட்கள் கச்சான் காத்துன்னு சொல்றது அதைத்தான். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் அது அடிக்கும்போது கொழுந்துல ஈரம் குறையும், அதனாலதான் அந்த மாசங்களில் எடுக்கிற ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணமும், உலகச் சந்தையில அந்த விலையும். கொழுந்து நம்ம பெண்கள் கையால போகுது, விலை எங்க போகுதுங்கிறது வேற கட்டுரை. அதே காத்து கிட்டாருக்குள்ளயும் போகுது. மரம் ஈரத்தை விடும், முகப்புப் பலகை கொஞ்சம் உள்ளுக்கு இறங்கும், ஸ்ட்ரிங் தாழ்ந்து ஃப்ரெட்டுல இடிக்கும். ஃப்ரெட் பலகை அகலத்துல சுருங்கி, ஃப்ரெட்டோட முனைகள் வெளிய நீட்டி உள்ளங்கையைக் கீறும். பிறகு ஒக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழை பிடிச்சா எல்லாம் தலைகீழ். பலகை உப்பும், ஸ்ட்ரிங் உயரும். இதுக்கு நடுவுல லயத்துத் தகரக் கூரை பகல்ல காயுது, ராத்திரி குளிருது, பக்கத்துல அடுப்பும் எரியுது. பண்டாரவளைக் குளிர்ல ஒரு கிட்டார், பசறை வெயில்ல இன்னொண்ணு. ரெண்டும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி நிக்கும்னு எதிர்பார்க்கவே முடியாது.

கழுத்து எந்தப் பக்கம் போகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. கழுத்து மரமும் ஃப்ரெட் பலகை மரமும் வேற வேற, ரெண்டும் ஈரத்துக்கு வேற வேற மாதிரி அசையும். ஒரு கிட்டார் மழைக்குக் குழியும், பக்கத்துக் கிட்டார் அதே மழைக்குப் பின்னுக்கு வளையும். அதனால "மழைக்காலம்னா இறுக்கு, வெயில்காலம்னா தளர்த்து" என்று யாராவது சூத்திரம் சொன்னா நம்பாதீங்க. பார்த்துட்டுத்தான் திருப்பணும்.

இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லைங்கிறதுதான் எங்களை ரொம்ப யோசிக்க வைக்குது. தப்பு அடிக்கிற பெரியவங்களைப் பாருங்க. காமன் கூத்துக்கோ திருவிழாவுக்கோ தப்பை எடுத்தவுடனே அடிக்கிறதில்ல. வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலை நெருப்புல காட்டி, விரலால தட்டிப் பார்த்து, சத்தம் ஏறுற வரைக்கும் வாட்டுவாங்க. பனி இறங்குனா நடுவுல நிறுத்தி மறுபடி வாட்டுவாங்க. தோல் ஈரத்துக்குத் தளர்ந்திருச்சு, அதனால தப்பு செத்துப் போச்சுன்னு யாரும் தூக்கிப் போடுறதில்ல. வாத்தியம்னா காலநிலையோட மாறும், வாசிக்கிறவனே அதைச் சரிபண்ணிக்கணும்ங்கிறது அவங்களுக்குச் சாதாரண விஷயம். வீணையிலயும் அப்படித்தான், மெட்டுகள் மெழுகுல உட்கார்ந்திருக்கும், மெழுகு கெட்டா மறுபடி மேளம் கட்டணும். கிட்டார் கடையில பெட்டியோட வந்ததாலயோ என்னவோ, அது டிவி மாதிரி, திறக்கக் கூடாத சாமான்னு நினைச்சுட்டோம். தப்புக்காரரோட பேரனே கிட்டாரை ஆணியில மாட்டுறான்.

இனி செய்முறை. முதல்ல சுருதியைச் சரியாச் சேருங்க, தளர்ந்த ஸ்ட்ரிங்கோட பார்த்தா அளவு பொய் சொல்லும். ஆறாவது, அதாவது தடிப்பான ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டுல ஒரு கையால அழுத்துங்க, கேப்போ இருந்தா அதை மாட்டுங்க. மத்தக் கையால, கழுத்து உடம்போட சேர்ற ஃப்ரெட்டுல அழுத்துங்க, பெரும்பாலான அகூஸ்டிக்ல அது பதினாலாவது. இப்ப இழுத்துப் பிடிச்ச ஸ்ட்ரிங்கே ஒரு நேர்கோடு. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு வெளிச்சம் தெரியுதுன்னு பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு தாள் நுழைஞ்சா விட்டுடுங்க, ரொட்டைத் தொடாதீங்க. ஆறேழு தாள் நுழைஞ்சா கழுத்து குழிஞ்சிருக்கு, இறுக்கணும். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுல படுத்துக் கிடந்து, முதல் நாலஞ்சு ஃப்ரெட்டுல கர்ருன்னு சத்தமும் வந்தா கழுத்து பின்னுக்குப் போயிருக்கு, தளர்த்தணும்.

ரொட்டோட முனை சத்தம் வர்ற வட்ட ஓட்டைக்குள்ள, கழுத்துப் பக்கமா இருக்கும். இல்லாட்டி தலையில ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழ இருக்கும். எலன் கீ அளவு பெரும்பாலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர், சிலதுக்குக் குழாய் மாதிரி ஸ்பேனர் வேணும். லூஸான கீயைப் போட்டுத் திருப்பாதீங்க, மூலை தேஞ்சா அதோட முடிஞ்சுது. முனையை நேரா நம்மளைப் பார்க்க வைச்சுக்கிட்டு, கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினா இறுகும், குழிவு குறையும். எதிர்ப்பக்கம் திருப்பினா தளரும். இறுக்குறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டா நட்டுக்குப் பாரம் குறையும். ஒரு தரத்துக்குக் கால் சுத்து, அதாவது பன்னிரெண்டு மணி முள் மூணு மணிக்கு வர்ற அளவு. அதுக்கு மேல வேணாம். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டுட்டு, காலையில திரும்பப் பாருங்க. மரம் மெதுவாத்தான் நகரும். பெரும்பாலும் கால் சுத்து, அரைச் சுத்துலயே வேலை முடிஞ்சிடும். பலம் போட்டுத் திருப்ப வேண்டியிருந்தா நிறுத்திடுங்க, அது ஏற்கெனவே யாரோ கடைசி வரைக்கும் இறுக்கின ரொட்.

சில கிட்டாருக்கு உண்மையாவே இது சரிவராது. கழுத்து முறுக்கிப் போயிருந்தா, பிரிட்ஜ் பின்னால எழும்பியிருந்தா, கழுத்து சேர்ற இடம் விட்டுப் போயிருந்தா ரொட்டால ஒண்ணும் செய்ய முடியாது. நைலோன் ஸ்ட்ரிங் கிட்டார்களில் பலதுக்கு ரொட்டே கிடையாது. அதுக்குத் தேவையும் இல்ல, நைலோன் இழுக்கிறது 40 கிலோ அளவுதான். ஆனா நம்ம ஊர்ல நைலோன் கிட்டாருக்கு ஸ்டீல் ஸ்ட்ரிங் மாட்டுறது சர்வசாதாரணம், "சத்தம் நல்லா வரும்" என்று. 40 கிலோவுக்குச் செஞ்ச மரத்துல 70 கிலோவைத் தொங்கவிட்டா என்ன ஆகும்? சில மாசத்துல பிரிட்ஜ் பெயரும், கழுத்து போகும். ஆணியில தொங்குற கிட்டார்களில் ஒரு பங்கு இப்படிப் போனது. இன்னொரு பழக்கம், விடுமுறைக்குப் போகும்போது பாதுகாப்புன்னு எல்லா ஸ்ட்ரிங்கையும் கழட்டி மாசக்கணக்கா வைக்கிறது. ஸ்ட்ரிங் இல்லாட்டியும் உள்ள இறுகியிருக்கிற ரொட் இழுத்துக்கிட்டேதான் இருக்கும், எதிர்த்து இழுக்க ஆள் இல்லாம கழுத்து பின்னுக்கு வளையும். ஒரு சுரம் இறக்கி வைச்சா போதும்.

"தெரியாதவங்க கையில எலன் கீயைக் கொடுத்தா எல்லாத்தையும் முறிச்சுடுவாங்க" என்று எங்களோட ஒரு அண்ணன் வாதாடினார். அவரு பல வருஷமா வாசிக்கிறவர், சொன்னது பயத்துல, அந்தப் பயத்துல நியாயமும் இருக்கு. ஆனா தொடவே கூடாதுன்னு சொல்லி வைச்சதால ஒரு கிட்டாரும் பிழைக்கல, அதுதான் ஆணி ஆணியாத் தொங்குதே. டவுன்ல ஒரு கடையில, எங்க கூட்டத்துப் பையன் ஒருத்தன் கொண்டு போன கிட்டாரைக் கையில வாங்கிக்கூடப் பார்க்காம "நெக் போயிருச்சு தம்பி, புதுசு எடுங்க" என்று சொல்லி அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து, மேல சொன்ன மாதிரி பார்த்து, கால் சுத்து. மறுநாள் இன்னொரு கால் சுத்து. அந்தக் கிட்டார் இப்ப ஹாலிஎலையில ஒரு சர்ச்சில ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுது. கடைக்காரர் வேணும்னு ஏமாத்தினாரோ, அவருக்கே தெரியாதோ, நாங்க தீர்ப்புச் சொல்லல. ரெண்டுமே நடக்கக்கூடியதுதான், ரெண்டுலயும் இழப்பு வாங்குறவங்களுக்கு.

புதுசா வாங்கப் போறவங்க கடையில நிறத்தையும் பையையும் பார்க்கிறதுக்கு முன்னாடி ஓட்டைக்குள்ள போன் வெளிச்சத்தை அடிச்சுப் பாருங்க, தலையில மூடி இருந்தா கழட்டிக் காட்டச் சொல்லுங்க. ரொட்டோட முனை கண்ணுக்குத் தெரியணும். "உள்ள இரும்பு இருக்கு" என்று சொன்னா அது அசையாத பட்டமாகவும் இருக்கலாம், திருப்ப முடியுமான்னு கேளுங்க. கீ எங்கன்னு கேளுங்க, பெட்டியோட வந்திருக்கும், பல நேரம் கடை மேசை லாச்சியிலயே தங்கிடும். ரெண்டு கிட்டார் ஒரே விலைன்னா, ரொட் உள்ள அழகில்லாததை எடுங்க. இதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல.

தோட்டத்துக்குத் தோட்டம் சனசமூக நிலையமோ, இளைஞர் கழகமோ, சர்ச் பாட்டுக்குழுவோ இருக்கு. அதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு எலன் கீ செட்டும், இதைப் பார்க்கத் தெரிஞ்ச ரெண்டு பேரும் இருக்கணும்னு கேக்கறோம். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொம்பளப் பிள்ளையா இருக்கட்டும், கீபோர்ட் பழகுன்னு சொன்னவங்களுக்குப் பதிலா. கச்சான் காத்து பிடிச்சு ரெண்டு வாரம் போன பிறகு ஒருதரம், நவம்பர் மழை நின்னு பெய்ய ஆரம்பிச்ச பிறகு ஒருதரம், எல்லாக் கிட்டாரையும் மண்டபத்துக்குக் கொண்டு வந்து வரிசையாப் பார்க்கலாம். ஆணியில தொங்குறதையும் இறக்கிக்கிட்டு வாங்க. புது ஸ்ட்ரிங் செட் ஒண்ணும், போட்டோகொப்பி தாள் நாலஞ்சும் கையில இருக்கட்டும். பக்கத்துல ஆள் பார்க்க இல்லாட்டி, போனோட டோர்ச்சை ஃப்ரெட் பலகைக்குப் பின்னால பிடிச்சா ஏழாவது ஃப்ரெட் இடைவெளி தனியாவே நல்லாத் தெரியும்.